ஏழு கறி, ஏழு மலை
(தொடர் – 8)

புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். "ஆப்பிரிக்கா என்று சொல்லித் தொடரை ஆரம்பித்தீர்கள். ஏழு வாரம் ஆகிவிட்டது. சிங்கமும் வரவில்லை, பாலைவனமும் வரவில்லை. மொரீஷியஸ் எந்தக் காலத்தில் ஐயா ஆப்பிரிக்கா ஆனது?"

நியாயமான கேள்விதான். வரைபடத்தில் மடகாஸ்கரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் போனால் கடலில் ஒரு மிளகு விழுந்து கிடப்பதுபோல் இருக்கும். அதுதான் மொரீஷியஸ். ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உறுப்பு நாடு. அங்கே பேசும் கிரியோல் மொழி, அடிக்கும் மேளம், ஆடும் ஆட்டம் எல்லாவற்றிலும் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் மூச்சு இருக்கிறது. சிங்கம் மட்டும் இல்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த ஊர்மேல் எனக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று இதுவரை சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

நான் வங்கியில் கேஷியராக இருந்தே ஓய்வு பெற்றவன். கவுன்டருக்கு வந்தவர்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்காது, அவர்கள் நீட்டிய நோட்டு ஞாபகம் இருக்கும். திருமலையில் பரகாமணி சேவை என்று ஒன்று உண்டு. உண்டியலில் விழுந்த காணிக்கையைப் பிரித்து எண்ணும் வேலை. வங்கிக்காரர்களும் அரசு ஊழியர்களும் பெயர் கொடுத்துப் போய்ச் செய்யலாம். வேட்டி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க எண்ண வேண்டும். ஒரு புரட்டாசியில் நானும் போயிருந்தேன். வெளிநாட்டு நோட்டுகளைத் தனியே ஒதுக்கிவைக்கச் சொல்வார்கள். டாலர், திர்ஹாம், ரிங்கிட் என்று ஒதுக்கிக்கொண்டே வந்தவனுக்கு ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

நம் நாட்டு நூறு ரூபாய் இல்லை. ஆனால் தமிழ் இருந்தது. நம் நோட்டில் பின்பக்கம் பதினைந்து மொழிக் கூட்டத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிற தமிழைப்போல் அல்ல, கம்பீரமான தமிழ். ஆங்கிலத்துக்கு அடுத்த இடம். எண்ணும் தமிழ் எண். சின்ன வயதில் என் தாத்தா பஞ்சாங்கத்தில் விரல் வைத்துக் காட்டிய அதே எண். தமிழ்நாட்டில் பேருந்துப் பலகையிலும் இல்லை, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தின் பக்க எண்ணிலும் இல்லை, இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஒரு தீவு அதில்தான் காய்கறி வாங்குகிறது!

முகத்தைப் பார்க்காதவன் அன்றைக்கு நோட்டில் இருந்த முகத்தையும் பார்த்தேன். ரெங்கநாதன் சீனிவாசன். வழக்கறிஞர், அரசியல்வாதி. நாடு சுதந்திரம் பெற்றது 1968 மார்ச் 12. அவர் பத்து வருடம் முன்பே, 1958-ல் மறைந்துவிட்டார். சீனிவாசன் படம் போட்ட நோட்டை யாரோ ஒருவர் கடல் தாண்டிக் கொண்டுவந்து ஸ்ரீநிவாசனின் உண்டியலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓங்கோல்காரரிடம் காட்டினேன். "எண்ணுங்க சார், கட்டு பாக்கி இருக்கு" என்றார்.

அந்த நோட்டுக்கு ஒரு சண்டைக் கதையும் உண்டு. 1998-ல் புது நோட்டு அச்சிட்டபோது தமிழை ஒரு படி கீழே இறக்கி இந்தியை மேலே ஏற்றிவிட்டார்கள். அங்கே தமிழர்கள் சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதும் கிடையாது. ஆனாலும் கொதித்துவிட்டார்கள். அரசு புது நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் பழைய வரிசைப்படி மறுபடி அச்சிட்டது. பேசாத மொழிக்காக இவ்வளவு ரோஷமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேசாததால்தான் அந்த ரோஷம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேசுகிற நாம் நாலணா நாணயம் செல்லாது என்றபோதுகூட அதில் தமிழ் இருந்ததா இல்லையா என்று திருப்பிப் பார்க்கவில்லை.

ஓய்வூதியப் பணம் வந்ததும் நான் செய்த முதல் ஊதாரித்தனம் மொரீஷியஸ் பயணம். அதுவும் புரட்டாசியில். திருப்பதிக்காரன் புரட்டாசியில் ஊரைவிட்டுப் போவதா என்று வீட்டில் திட்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் உடுத்தி நடந்தே வருகிற பாதிப் பேர் நீங்கள்தானே. சென்னையிலிருந்து திருக்குடை வரும். அலிபிரியில் கற்பூரம் எரிந்து எரிந்து முதல் படிகள் கறுத்துக் கிடக்கும். அதை விட்டுவிட்டு ஒரு தீவுக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று எனக்கே கொஞ்சம் உறுத்தல் இருந்தது.

போன மூன்றாம் நாள் சனிக்கிழமை. தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, எழுபது வயது இருக்கும், காலையிலேயே குளித்து நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு நின்றார். "இன்றைக்கு எங்களுக்குக் கோவிந்தென்" என்றார். கொச்சை ஆங்கிலமும் கிரியோலும் கலந்த பேச்சு. எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ விருந்தாளி வருகிறார் போலிருக்கிறது, கோவிந்தன் என்று பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர்தான். ஆனால் மாதத்தின் பெயர், விரதத்தின் பெயர், பண்டிகையின் பெயர். அங்கே தமிழர்களும் தெலுங்கர்களும் புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாமல் சனிக்கிழமைகளில் பெருமாளுக்கு விரதம் இருப்பதற்கு மொத்தமாகக் 'கோவிந்தென்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘கோவிந்தென் செய்கிறோம்’ என்கிறார்கள், நாம் பொங்கல் வைக்கிறோம் என்பதுபோல. திருமலையில் நாம் தொண்டை கிழியப் போடுகிற கோஷம் அங்கே ஒரு பெயர்ச்சொல்லாக இறுகிக் கிடக்கிறது.

அந்தச் சின்னக் கோயிலின் கூரை தகரம். பெருமாள் படத்துக்குச் செம்பருத்தி மாலை. வெளியே கண்ணுக்கெட்டிய வரை கரும்பு. அறுவடைக் காலம் என்பதால் பாதி வயல் மொட்டையாகவும் பாதி வயல் ஆளுயரத்துக்கும் நின்றது. சின்னப் பையன்கள் பிரெஞ்சு உதட்டோடு "கோவிந்தா" என்று கத்தினார்கள். கடைசி எழுத்து லேசாக மூக்கில் ஏறி இறங்கியது. நானும் கத்தினேன். என் கோவிந்தா மட்டும் தனியாகத் தெரிந்தது. கரடுமுரடாக, அலிபிரிப் படிக்கட்டு போல.

பிறகு சாப்பாடு. தொடரின் போன பகுதிகளில் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தது இந்த இடத்துக்காகத்தான். வாழையிலை போட்டார்கள். 'செட் காரி' என்றார்கள். செட் என்றால் பிரெஞ்சில் ஏழு. காரி நம் கறியேதான். ஏழு கறி. பூசணி, பலாக்காய், வாழைக்காய், கத்தரிக்காய், மொச்சை போன்ற ஒரு பருப்பு, கீரை, ஊறுகாய்ப் பதத்தில் ஓர் அச்சார். கூடவே 'ரசோன்'. ஒரு வாய் குடித்ததும் சிரித்துவிட்டேன், ரசம்! கொத்துமல்லிக்கு அங்கே ‘கொதோமிலி’. முருங்கைக் கீரைக்கு 'ப்ரேத் மூரும்'. பீர்க்கங்காய் 'பிப்பங்காய்' ஆகியிருக்கிறது. பருப்பு வடையைக் 'காத்தோ பிமா' என்று பிரெஞ்சுப் பெயரில் தெருவோரம் விற்கிறார்கள். மிளகாய்க் கேக் என்று அர்த்தம். வடையைக் கேக் என்று சொன்ன முதல் ஆளை நான் மன்னிக்கமாட்டேன். ருசியில் குறையில்லை என்பதால் வழக்குப் போடவில்லை.

"ஏன் ஏழு?" என்று அந்தம்மாவிடம் கேட்டேன்.

"மொ பா கோனே" என்றார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். "எங்கள் அம்மா ஏழு செய்வாள். அவள் அம்மாவும் ஏழு."

ஏழுமலையானுக்கு ஏழு கறி என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. சேஷாத்ரிக்குப் பூசணி, கருடாத்ரிக்குப் பலா என்று பிரித்துக்கூட வைத்துவிட்டேன். சொல்லவில்லை. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அங்கே எதைப் பார்த்தாலும் ‘இது எங்களிடமிருந்து வந்தது, நீங்கள் தப்பாகச் செய்கிறீர்கள், சரியாக இப்படிச் செய்ய வேண்டும்' என்று ஆரம்பித்துவிடுவோம். முன்பு அங்கே ஒரு சொற்பொழிவாளர் வந்து, அவர்கள் ரசத்தின் உச்சரிப்பைத் திருத்தினாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் சொற்பொழிவாளர் மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஒருவரிடம், "நீங்கள் இந்துவா?" என்று கேட்டேன். "இல்லை, தமூல்" என்றார். நெற்றியில் நாமம், கையில் குங்குமம், பின்னால் பெருமாள்! இந்து என்றால் அங்கே பேச்சு வழக்கில் போஜ்பூரி பேசி வந்த வடக்கத்திக் குடும்பங்கள். தமூல் தனி, தெலெகு தனி, மராத்தி தனி. யுகாதிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. தைப்பூசக் காவடிக்கும் விடுமுறை. ஏழாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1989-ல் மொரீஷியஸில் நடந்தது. அடுத்த வருடமே மூன்றாவது உலகத் தெலுங்கு மாநாடும் அங்கேயே. அதற்கடுத்த தெலுங்கு மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? 2012-ல் எங்கள் திருப்பதியில். இடையில் இருபத்திரண்டு வருடம்.

இரண்டு மொழிக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. வடவேங்கடம் யாருக்கு என்று அறுபது எழுபது வருடத்துக்கு முன் நடந்த எல்லைச் சண்டையின் மிச்சம் எங்கள் டீக்கடைகளில் இன்னும் இருக்கிறது. திருத்தணி 1960-ல் தமிழ்நாட்டுக்குப் போயிற்று, திருப்பதி ஆந்திராவில் நின்றது. அதே மலையின் சாமியை அந்தத் தீவில் தமூலும் தெலெகுவும் ஒரே மாதத்தில், ஒரே பெயர் சொல்லி, அதே ஏழு கறியோடு கும்பிடுகிறார்கள். எல்லைக்கோடு கப்பல் ஏறவில்லை.

யார் இவர்கள், எப்படிப் போனார்கள்? தமிழர்கள் இரண்டு தவணையாகப் போனார்கள். 1735-ல் ஆளுநராக வந்த மாஹே த லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் போர்ட் லூயி நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் அழைத்துப்போனார். அது சின்னத் தவணை. பெரிய தவணை வெள்ளைக்காரன் காலத்தில். 1835 பிப்ரவரி 1-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டும். அதற்கு முந்தைய வருடமே, 1834 நவம்பர் 2-ல் முதல் கூலிக் கப்பல் வந்து சேர்ந்திருந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலியாக அந்தத் தீவில் இறங்கினார்கள். மாதம் ஐந்து ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். இந்த இரட்டைப் பிடித்தத்தைப் படித்தபோது ஒரு பழைய கேஷியராக எனக்கு வயிறு எரிந்தது. வட்டி தெரியும், அபராத வட்டி தெரியும், இது எந்தக் கணக்கு?

போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய இடத்துக்கு ஆப்பிரவாசி காட் என்று பெயர். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. துறையிலிருந்து மேலே ஏறப் பதினாறு கல்படிகள். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3550 படி. எண்ணிக்கொண்டே ஏறிப் பழகியவன் நான், பதினாறை முடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் நின்றுவிட்டேன்.

அந்தப் படியில் உட்கார்ந்து யோசித்ததில் தோன்றிய ஒன்றை எழுதுகிறேன். இதற்குச் சான்று கிடையாது, என் ஊகம். ஊரில் பஞ்சம், கடன். கடனை அடைக்கக் கப்பல் ஏறியவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஏன் இத்தனை சாமிகளுக்குள் வேங்கடவனையும் மறக்காமல் மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள்? அவனும் கடன்காரன். கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவன். எங்கள் ஊர்த் தெலுங்கில் அவனுக்கு ‘வட்டி காசுலவாடு’ என்றே பெயர். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவனின் கஷ்டம், பத்திரம் எழுதிக்கொடுத்த சாமிக்குப் புரியும் என்று நினைத்திருக்கலாம். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, திரும்பி வந்தால் செலுத்துகிறேன் என்று எத்தனை பேர் வேண்டிக்கொண்டிருப்பார்கள்! பெரும்பாலோர் திரும்பவில்லை. பரகாமணியில் நான் பார்த்த அந்த நூறு ரூபாய், அப்படி ஒரு பாக்கியின் அசலாகக்கூட இருக்கலாம்.

இனி மலை. மலை நாட்டுக்காரன் மலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி? மொரீஷியஸின் உச்சியான கருப்பாற்றுச் சிகரம் 828 மீட்டர். எங்கள் திருமலையே 850 மீட்டருக்கு இருக்கிறது. அவர்களுடைய சிகரத்தில் ஏறி நின்றாலும் நம் லட்டுக் கவுன்டரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். (இதை அங்கே ஒருவரிடம் சொல்லி, அன்றைக்குச் சாயங்கால டீயை இழந்தேன்.) ஆனால் அந்த மலைகளின் உருவம் இருக்கிறதே! எரிமலை கக்கிப்போட்ட பாறைகள், ஒவ்வொன்றும் ஒரு கோணல். பீட்டர் போத் என்ற மலையின் நுனியில் மனிதத் தலை போல ஒரு குண்டுப்பாறை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு கதை. பால்காரன் ஒருவன் மலையில் தேவதைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டான். யாரிடமும் சொல்லாதே என்றார்கள். சொல்லிவிட்டான், கல்லாகிவிட்டான். நம் மலையிலும் பால்தானே கதையின் ஆரம்பம்? புற்றில் பால் சொரிந்த பசு, கோடரியை ஓங்கிய இடையன். அந்த இடையன் வம்சத்துக்கு இன்றும் திருமலையில் முதல் தரிசன உரிமை இருக்கிறது. அங்கே பால்காரன் கல்லானான், இங்கே கௌரவம் பெற்றான். மலைகளுக்கும் பால்காரர்களுக்கும் என்னவோ கணக்கு இருக்கிறது.

காடு என்று பார்த்தால் மனம் கனத்துவிடும். டச்சுக்காரர்கள் 1638-ல் குடியேறிக் கருங்காலி மரங்களை வெட்டி வெட்டிக் கப்பலேற்றினார்கள். பறக்கத் தெரியாத டோடோ பறவை அதே நூற்றாண்டில் அற்றுப்போயிற்று. மிச்சக் காட்டைக் கரும்பு தின்றது. சேஷாசலக் காட்டின் செம்மரத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டாம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக அதிகம் வளராத மரம், அதற்கு வெளிநாட்டில் விலை, வெட்டக் கூட்டிவரப்படும் ஏழைகள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி எங்கள் ஊர்க் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். மரத்தின் காசு வேறு யாருக்கோ.

ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் ஒன்று செய்து காட்டியிருக்கிறார்கள். மொரீஷியஸ் வல்லூறு என்று ஒரு சின்ன வேட்டைப் பறவை. 1974-ல் காட்டில் இருந்தது நாலே நாலு. முட்டையை எடுத்து அடைகாத்து, குஞ்சைக் கையால் தீனி கொடுத்து வளர்த்து, நூற்றுக்கணக்கில் பெருக்கிவிட்டார்கள். கருப்பாற்றுப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவில் ஒன்றை நான் பார்த்தேன். மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, மார்பில் புள்ளி. கிளையில் உட்கார்ந்து என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

காட்டுக்கு மட்டுமில்லை, கடலுக்கும் அப்படித்தான் நின்றார்கள். 2020 ஜூலை 25-ல் வகாஷியோ என்ற கப்பல் அந்தத் தீவின் பவளப்பாறையில் மோதி, பின்னர் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தது. ஜனங்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையை வலைத்துணியில் திணித்துத் தைத்து, நீளநீளமான மிதவை வேலி செய்து கடலில் இறக்கினார்கள். மீனவரும் மாணவரும் ஓட்டல்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவும் போயிருக்கிறார். "என் தாத்தாவின் முதுகை ஒடித்த கரும்பு அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு நல்லது செய்தது" என்றார்.

கடைசி இரவு கடற்கரையில் சேகா ஆட்டம். ஹோட்டல்களில் பூப்போட்ட பாவாடையோடு காட்டுகிறார்களே, அது இல்லை. ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே ஆடுகிற அசல் சேகா. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது இதுதான். அடிமைகள் கரும்புக் காட்டு வேலை முடிந்து இருட்டில் ஆடியது. ரவான் என்று ஆட்டுத்தோல் மேளம். அதை அடிப்பதற்கு முன் ஒருவர் சருகுகளைக் கூட்டித் தீமூட்டி, மேளத்தை அதன்முன் காட்டிக் காட்டிக் காய்ச்சினார். விரலால் சுண்டிப் பார்த்தார். மறுபடி காய்ச்சினார். எங்கள் ஊர் கங்கம்மா ஜாத்திரையில் தப்புக்காரர் செய்கிற அதே வேலை, அதே பொறுமை, காதை மேளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் அதே சாய்வு. இது மட்டும் எங்களிடமிருந்து வந்ததில்லை. அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. புத்தூர் வாசகர் கேட்ட ஆப்பிரிக்கா, அந்த நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆட்டத்தில் பாதம் மணலை விட்டு மேலே எழும்புவதில்லை, தேய்ந்தே நகர்கிறது. விரதம் முடித்த வீட்டுக்காரம்மாவும், நெற்றியில் கலைந்த நாமத்தோடு, எழுந்து போய் ஆடினார். என்னையும் இழுத்தார்கள். ஆடினேன் என்று சொல்லமாட்டேன், நின்றேன்.

இந்த வாரம் ஒரு வேண்டுகோள். சித்தூர், புங்கனூர், பலமநேர், காளஹஸ்திப் பக்கத்து வாசகர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ‘கப்பலேறிப் போனான், வரவில்லை' என்று ஒரு கொள்ளுத் தாத்தாவின் தம்பி இருந்தானா? மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கியவர்களின் பதிவேடுகள் அங்கே பத்திரமாக உள்ளன. பெயர், தகப்பன் பெயர், ஊர், ஜில்லா எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதி விசாரித்தால் தேடலாம். விசாரிக்கும்போது ஜில்லா சித்தூர் என்று எழுதாதீர்கள், கிடைக்காது. வட ஆற்காடு என்று எழுதுங்கள். 1911-க்கு முன்னால் சித்தூர் ஜில்லா என்று ஒன்று கிடையாது.